கவருக்குள் இரண்டு படம்

மணிமொழி: யோவ், அந்தக் கவரை எதுக்குய்யா எடுத்த? குடு இங்க!

டில்லிபாபு: இரு... நாளைக்கு என் வயித்தைத்தான அறுக்கப் போறாங்க? டியூப் வுட்டு எடுத்த என் படத்தை நான் பாக்கக் கூடாதா?

மணிமொழி: அல்சர் படத்துல பாக்க இன்னா கீது? சாந்தோம் டீச்சரம்மா நிக்கிறாங்க. போய் வஞ்சிரத்தை வெட்டு.

டில்லிபாபு: இன்னும் எத்தினி நாளு அல்சர்னு ரீல் வுடுவ? கேன்சர்னு எனக்கு எப்பவோ தெரியும். நீ அழுவியேன்னு கம்முனு இருந்தேன்.

மணிமொழி: உனக்குத் தெரியுமாய்யா? ஐயோ சாமி...

டில்லிபாபு: ஏய், டீச்சரம்மா பாக்கறாங்க. கண்ணைத் தொடச்சிக்க.

மணிமொழி: ஐஸ் தண்ணி தெறிச்சிடுச்சிய்யா.

டில்லிபாபு: சரி, இது வயிறு. நடுவுல பள்ளம், சுத்தி ஓரம் தடிச்சிக்கினு... ஆறாத புண்ணு மாதிரி.

மணிமொழி: ம்... அதை வெட்டி எடுத்துட்டா பொழைச்சுக்கலாம்னு டாக்டரு சொன்னாரு.

டில்லிபாபு: அப்ப இது இன்னாது? பள்ளமே இல்ல. உள்ள சதை மோதிரம் மாதிரி வளைச்சி இறுக்கிக்கினு கீது.

மணிமொழி: அதுவும்... வயிறுதான். வேற பக்கத்துலேர்ந்து எடுத்தது.

டில்லிபாபு: எங்கிட்டயேவா? இருவது வருசமா மீன் கொடலை உருவுறேன்டி. வயிறுன்னா பை, கொடலுன்னா குழாய். இது கொடலு!

மணிமொழி: கத்தாதய்யா...

டில்லிபாபு: வயித்துல ஒண்ணு, கொடல்ல ஒண்ணு. மீனு ரெண்டு எடத்துல அழுவியிருந்தா இன்னா பண்ணுவோம்? தூக்கிக் கடாசிடுவோம்ல?

மணிமொழி: நீ மீனாய்யா?

டில்லிபாபு: பரவிடுச்சி மொழி. நான் ஆபரேசனுக்கு வரல.

மணிமொழி: பரவல! வயித்துல வந்தா இப்பிடிப் புண்ணா இருக்கும், செல பேருக்கு மொத்தப் பையும் தோலு மாதிரி வெறைச்சிக்கும். கொடல்ல வந்தா மோதிரமா இறுக்கும், இல்லாட்டி காலிஃபிளவர் மாதிரி கட்டி. ரெண்டும் தனித்தனியா வந்ததுன்னு டாக்டரு சொன்னாரு.

டில்லிபாபு: என் வயித்தைப் பத்திக் கேக்கப் போனவகிட்ட கொடலைப் பத்தி எதுக்குச் சொன்னாரு?

மணிமொழி: வஞ்சிரம் வெயில்ல கீது, போய் ஐஸைப் போடுய்யா.

டில்லிபாபு: பாத்தியா, பேச்சை மாத்துற. தொறந்து பாத்துட்டு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு மூடிடுவாங்கடி. பயமா கீது... என்னை வுட்டுடு.

மணிமொழி: நீ வந்துதான் ஆவணும். என் தாலி மேல சத்தியமா, உன் ஒடம்புல ஒரு எடத்துலதான்.

டில்லிபாபு: அப்ப இந்தக் கொடலு யாருது?

மணிமொழி: நீ பொழைச்சி எழுந்து நடந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்யா... அது என்னுது.