குழாய் ஆறட்டும்

அது மேல கை வெச்சிடாதம்மா, சுடும். அந்தக் குழாய்தான், சன்னல் பக்கம் இருக்கு பாரு, அது. நேத்து தொட்டுட்டு கையை உதறிக்கிட்டேன். முன்னெல்லாம் இப்படி இல்ல. பச்சக் குழந்தைக்கு ஊத்துற தண்ணி மாதிரி வெதுவெதுன்னு இருக்கும், அவ்வளவுதான். இப்போ என்னடான்னா அடுப்புலேருந்து இறக்கின மாதிரி இருக்கு. சுட்டு சுட்டு கம்ப்யூட்டரே தானா அணைஞ்சு போகுது. கொஞ்ச நேரம் கழிச்சு தானா எந்திரிச்சுக்குது. நான் சுவிட்சைத் தொடறதே இல்ல, நீ நம்பு.

மொதல்ல உட்காரு. அந்த நாற்காலியிலேயே உட்காரு, பரவாயில்ல. என் பையனோடதுதான், அதுக்காக யாரும் உட்காரக் கூடாதுன்னு சட்டமா இருக்கு? சுத்தும், பாத்து. நான் இந்த ஸ்டூல்ல இருந்துக்கறேன். இது என் இடம். காலையில கண்ணை மூடி உட்கார்றது இங்கதான்.

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு ஒரு பொண்ணு வரும்னு நான் நினைக்கவே இல்ல, தெரியுமா. பையை மாட்டிக்கிட்டு நின்னியா, ஏதோ சோப்புத்தூள் விக்க வந்த பொண்ணுன்னு நினைச்சு வேண்டாம்மான்னு சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காத. இதுக்கு வர ஆளே கிடைக்கலம்மா. மொதல்ல ஒரு கடைக்காரருக்கு போன் போட்டேன். என் கம்ப்யூட்டர்ல தண்ணி ஓடுதுங்க, சூடாகுதுன்னேன். ஐயையோ, உள்ள தண்ணி போயிடுச்சான்னார். போகலைங்க, ஓடுது, ஓடத்தான் வேணும்னேன். அப்போ நீங்க பிளம்பரைத்தான் கூப்பிடணும்னு வெச்சுட்டார்.

நானும் கூப்பிட்டேனே! அந்த மனுஷன் வந்து கீழ குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்தார், பாத்தார், அப்படிப் பாத்தார். உள்ள லைட்டு எரியுது, கண்ணாடிப் பெட்டி, நீலத் தண்ணி. கடைசியில நிமிர்ந்து, ஏங்க, மீனெல்லாம் எங்கன்னு கேட்டார்.

சிரி, சிரி. நானும் அன்னிக்குத்தான் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சேன்.

ஆமா, அவனே பாகம் பாகமா சேர்த்துச் செஞ்சதுதான். கடையில வாங்கினதில்ல. குழாய் ஒரு ஊர்லேருந்து வந்துச்சு, மோட்டார் ஒரு ஊர்லேருந்து வந்துச்சு. இந்த மேல இருக்கே, கார் முன்னாடி இருக்கற மாதிரி சல்லடை, இது வந்தன்னிக்கு அவன் சாப்பிடக்கூட வரல. கம்ப்யூட்டருக்கு எதுக்குடா தண்ணின்னு கேட்டேன். மூளை வேலை பாத்தா சூடாகும்மா, தண்ணி அந்தச் சூட்டை எடுத்துட்டுப் போய் மேல கொட்டும், ஃபேன் அதை வெளிய தள்ளும், தண்ணி ஆறித் திரும்பி வரும்னான். மனுஷனுக்கும் இப்படி ஒண்ணு பொருத்தினா தேவலைன்னேன். அவங்க அப்பா அப்போ உயிரோட இருந்தார். எனக்கு மொதல்ல பொருத்துடான்னு அவர் சொன்னார்.

என்ன வேலையா? வீடு கட்டறதுக்கு முன்னாடியே கட்டி முடிச்ச மாதிரி படம் போடறான். சுவர்ல வெயில் விழுறது, தரையில நிழல் படறது எல்லாம் வரும். அந்த வெயிலைக் கணக்குப் போடத்தான் இந்த மிஷின் இப்படிக் கொதிக்குமாம். வேற ஊர்ல வேலை கிடைச்சப்போ இதை எடுத்துட்டுப் போக முடியல. அங்க ஒரே அறையில மூணு பேரு. இதுல வேற தண்ணி. அதனால இங்கயே ஓடட்டும்மா, நான் அங்கேருந்து நெட் வழியா இதுக்குள்ள வந்து வேலை பாத்துக்கறேன், அணைச்சுடாதன்னு சொல்லிட்டுப் போனான்.

போறன்னிக்கு இந்தக் குழாயைக் காட்டி ஒண்ணு சொன்னான். அம்மா, இது சுட்டா நான் வேலையில இருக்கேன்னு அர்த்தம். ஆறிப்போச்சுன்னா சும்மா இருக்கேன், அப்போ கூப்பிடுன்னான். விளையாட்டுக்குத்தான் சொன்னான்னு வெச்சுக்கோயேன். ஆனா நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சு. நான் பாட்டுக்கு இங்க உட்கார்ந்து பட்டாணி உரிச்சுட்டிருப்பேன், திடீர்னு ஃபேன் உர்ர்ருன்னு எழும். வந்துட்டியாப்பான்னு சொல்லிக்குவேன். கையைக் குழாய் மேல வெச்சுக்கிட்டு வேண்டிக்குவேன். பிள்ளைங்க நெத்தியில கை வெச்சு வேண்டிக்கறதில்லையா, அந்த மாதிரி. ஃபேன் அடங்கினா, சரி, எந்திரிச்சு சாப்பிடப் போயிட்டான், நாமும் சாப்பிடுவோம்னு தட்டை எடுப்பேன்.

ஒரே ஒரு தடவை சுடும்போதே கூப்பிட்டுட்டேன். குரல் கேக்கணும் போல இருந்துச்சு. அம்மா, இன்னிக்கே கொடுக்கணும், அப்புறம் பேசறேனேன்னான். கோபமெல்லாம் இல்லம்மா, களைச்சுப்போன குரல். அதுலேருந்து ஆறாம நான் கூப்பிடறதில்ல.

அதான் இப்போ பிரச்சனை. ஆறவே மாட்டேங்குது! காலையில தொட்டா சுடுது, மத்தியானம் தொட்டா சுடுது, ஞாயித்துக்கிழமையும் சுடுது. என்ன வேலை கொடுக்கறாங்க இந்தப் பிள்ளைக்கு? கண்ணு என்னத்துக்கு ஆகும், முதுகு என்னத்துக்கு ஆகும்? கடவுளே, அவனைக் கொஞ்சம் எந்திரிச்சு நடக்க விடுன்னுதான் தினம் வேண்டுதல். எனக்கும் அவன்கிட்ட ஒரு விஷயம் பேசணும். இல்ல, மெசேஜ்ல எழுதற விஷயம் இல்லம்மா அது. அவன் அனுப்புவான், சாப்டியான்னு ஒரு வார்த்தை. நான் சாப்டேன்னு ஒரு வார்த்தை போடுவேன். அதுக்குள்ள இதை எங்க திணிக்கறது? ஆறட்டும், ஆறினதும் பேசலாம்னு நானும் உட்கார்ந்தே இருக்கேன்.

எந்தக் குழாய்? அந்தப் பக்கத்துதா? அதை நான் தொட்டதில்லையே. என் ஸ்டூல் இந்தப் பக்கம்தானே. இரு, வரேன்.

ஜில்லுன்னு இருக்கு!

அதெப்படி, ஒரே தண்ணிதானே சுத்துது. ஒரு குழாய் கொதிக்குது, ஒரு குழாய் ஜில்லுன்னு இருக்கே. ஓ, சுத்தலையா. அங்கயே நின்னு காயுதா. பாவமே.

அடைச்சிருக்குன்னு சொல்றியா. எது அடைக்கும்? தூசியெல்லாம் நான் துணி போட்டுத் துடைச்சுடுவேனே. தண்ணியா? தண்ணி... ஊத்தினேன். முறைக்காத. இந்த ஜாடியில தண்ணி குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அவன் வெச்சுட்டுப் போன நீல பாட்டில் தீர்ந்துபோச்சு. கேக்கலாம்னா குழாய் சுடுது. அதனால நல்ல தண்ணியா வடிகட்டி, காய்ச்சி, ஆற வெச்சு, ஒரு நிமிஷம் வேண்டிக்கிட்டு ஊத்தினேன். என் பிள்ளைங்களுக்குக் கொடுத்த தண்ணியை விட சுத்தமான தண்ணி அது.

பாசியா? காய்ச்சின தண்ணியிலயா பாசி பிடிக்கும்? ஓ, பாசி வராம இருக்கற மருந்து அந்த நீலத்துலதான் இருக்கா. அதோட இதைக் கலந்து மருந்தைக் கெடுத்துட்டேனா. சரிம்மா, திட்டு. நீ திட்டினா நல்லாத்தான் இருக்கு. இந்த வீட்டுல என்னைத் திட்ட ஆளில்லாம போச்சு.

வாளிதானே, இதோ. மூடியைக் கவுத்து வெச்சு அதுலயே ஸ்குரூவைப் போடறியே, ஒரு கிண்ணம் தரவா? பாவம், எவ்வளவு குட்டி ஸ்குரூ. பொண்ணுக்குத்தான் இந்த வேலைக்கு விரல் வாகா இருக்கும் போல. உங்க அம்மாவுக்குத் தெரியுமா நீ இதெல்லாம் கழட்டறது? சண்டை போட்டாங்களா? போடத்தான் செய்வாங்க. தினம் கூப்பிட்டுப் பேசறியா? பேசு, பேசு.

அடக் கடவுளே, இதுவா? இந்தச் செம்புத் தகட்டுலயா இவ்வளவு பச்சை? சீப்புப் பல்லு மாதிரி இருக்கே, அதுக்குள்ள பூரா அப்பியிருக்கு. நானே பிரஷ் எடுத்துட்டு வரேன். புதுசுதான், பல்லு தேய்க்காத பிரஷ். நீ தேய், நான் தண்ணி ஊத்தறேன். இல்ல இல்ல, நீ கொண்டு வந்த தண்ணியைத்தான். என் தண்ணியை நான் இனிமே தொடமாட்டேன்.

எனக்கு ரெண்டு பேரு. பெரியவ கடல் தாண்டி இருக்கா. இரட்டைக் குழந்தை, ரெண்டுக்கும் ஒண்ணாப் பல் முளைக்குது. அவகிட்ட எதைச் சொன்னாலும் போன்லயே அழுதுடுவா. வர முடியலையேன்னு அழுவா, அப்புறம் நான் அவளைச் சமாதானம் பண்ணணும். இவன் அழமாட்டான். இவன்கிட்டதான் சொல்லணும்.

இதென்ன, எல்லா மூட்டுலயும் டிஷ்யூ சுத்தறே? ஒழுகினா தெரியறதுக்கா. நல்ல யோசனை. மிஷினை ஓட விடாம தண்ணியை மட்டும் ஓட விடறியா? அப்படியெல்லாம் முடியுமா? பரவாயில்லையே. ஏன் களக் களக்னு சத்தம் வருது? காத்தா? காத்து நடுவுல நின்னுக்கிட்டா தண்ணி போகாதா?

ஐயோ, இதுக்கு என்கிட்ட கேட்டா ஆச்சு. பெட்டியைச் சாய்ச்சுப் பிடி. அப்படியே மெதுவா இந்தப் பக்கம், அந்தப் பக்கம். குலுக்காத, ஆட்டு. பால் குடிச்சதும் தோள்ல போட்டு ஏப்பம் விட வைக்கறதில்லையா? அதேதான். வருது பாரு, வருது பாரு... போச்சு! ஒரு பெரிய குமிழி. ரெண்டு பிள்ளை வளத்த கை, சும்மாவா. இந்த வேலைக்கு எனக்கும் உங்க கடையில ஒரு இடம் போட்டுத் தரச் சொல்லு.

டிஷ்யூ காஞ்சே இருக்கு. இப்போ போடலாமா? போடு.

எந்த நம்பரைப் பாக்கணும்? கண்ணாடியை எடுத்துக்கறேன். சூடு முப்பத்தெட்டு டிகிரியா. அப்போ நல்லதா? இந்தக் குழாயும் அந்தக் குழாயும் ஒரே மாதிரி இருக்கே இப்போ. ஆறிடுச்சும்மா! எவ்வளவு நாளாச்சு இப்படித் தொட்டு. அப்போ அவன் இப்போ வேலையில இல்ல. அப்பாடா, எந்திரிச்சுட்டான்.

என்னம்மா பாக்கற என்னை?

புரியல. மறுபடி சொல்லு. யாருமே வேலை பாக்கலைன்னாலும் அது அப்படித்தான் சுட்டிருக்குமா? தண்ணி சுத்தாததால. சும்மா இருந்தே சுட்டிருக்கா.

அப்போ அவன் வேலை பாக்கறானா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அதுலயே இருக்குமா, வெளியிலேருந்து யார் எப்போ உள்ள வந்தாங்கன்னு? எனக்குத் தெரியாதே. பாரேன். இல்ல, பரவாயில்ல பாரு, அவன் ஒண்ணும் நினைக்கமாட்டான். அவன் படத்தையா பாக்கறோம், வந்தானான்னுதானே பாக்கறோம்.

மூணு மாசத்துக்கு முன்னாடியா. அதுக்கப்புறம் ஒரு தடவைகூடவா.

இல்லம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. தண்ணியெல்லாம் வேண்டாம். சும்மா யோசிக்கறேன். மூணு மாசமா நான் இது மேல கையை வெச்சுக்கிட்டு, பாவம் பிள்ளை, தூங்கல, தூங்கலைன்னு... அது வெறும் பாசி. நான் ஊத்தின தண்ணி.

சிரிப்பு வருதும்மா. நிஜமாத்தான். வேண்டின வேண்டுதல் எங்கயும் போயிடாது, அவனுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனா பாரு, அப்போ நான் கூப்பிட்டிருக்கலாம். எந்த நாள் வேணும்னாலும் கூப்பிட்டிருக்கலாம்.

எந்திரிக்காத. எதுக்கு வெளிய போற? பேசறதை யார் கேட்டா என்ன. யாராவது பக்கத்துல இருந்தா எனக்கும் தெம்பா இருக்கும். இந்த போன்ல அவன் பேரு மேலயே இருக்கும்... இதோ.

ரிங் போகுது.

கண்ணா. நான்தாம்ப்பா. வேலையா இருக்கியா? சாப்பிட்டேன்டா. இல்ல, பொய்யில்ல, சாப்பிட்டேன். உன் மிஷினைப் பாக்க ஒரு பொண்ணு வந்திருக்கா, கெட்டிக்காரி, சரி பண்ணிட்டா. அடைச்சிருந்துச்சு. ஆமா, நான்தான் தண்ணி ஊத்தினேன், அவளே திட்டிட்டா, நீ வேற திட்டாத. என்னது? ஆபீஸ்லயே புதுசு கொடுத்துட்டாங்களா? எப்போ? அதை ஏன்டா சொல்லல? நான் இதைத் துடைச்சு வெச்சுக்கிட்டு சந்தோஷமா இருக்கேன்னு சொல்லாம விட்டுட்டியா. சரி, சரி. அதனால என்ன. ஆமா, நானும் கூப்பிடல. நீ வேலையில இருக்கேன்னு நினைச்சுட்டேன். அது பெரிய கதை, நேர்ல சொல்றேன்.

வெச்சுடாதப்பா. இரு.

வர்ற வியாழக்கிழமை உனக்கு லீவு போட முடியுமா? மிஷினுக்காக இல்லடா, அது நல்லா ஓடுது. எனக்குத்தான். மார்ல ஒரு கட்டி. ஊசி குத்தி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க, ரிசல்ட் வந்துடுச்சு. பயப்படறதுக்கு இல்லப்பா, நீ மெதுவா கேளு. டாக்டரம்மா ரொம்ப நல்லவங்க, கையைப் பிடிச்சுக்கிட்டுதான் சொன்னாங்க. அடுத்த தடவை மட்டும் தனியா வராதீங்கம்மான்னாங்க.