அந்தோணிராஜுக்குப் பதிலி

— அட, நெலவுப்படியிலயே நின்னா எப்படீங்க மேஸ்திரி? உள்ளார வாங்க. ஜெயிச்சீங்களா தோத்தீங்களா, அதை மொதல்ல சொல்லிப்போடுங்க.

— சொல்றேன் அந்தோணி. முட்டி எப்படி இருக்குது? வீக்கம் வடிஞ்சுதா?

— முட்டி கெடக்குதுங்க. கட்டுக்குள்ளார அரிக்குது, அவ்வளவுதான். ஈரோட்டுல என்னாச்சுங்க?

— உங்கம்மா எங்கே?

— தண்ணிக்குப் போயிருக்குதுங்க. அது வந்துதுன்னா ஆட்டத்தைப் பத்திப் பேச உடாது. சீக்கிரம் சொல்லுங்க.

— ஜெயிச்சுப்போட்டோம் கண்ணு.

— சும்மா சொல்லாதீங்க.

— நெசமாத்தான். அவங்க ஊர்லயே, அவங்க கிளப்பு மைதானத்துலயே.

— நான் இல்லாமயா? சும்மா சொல்லாதீங்க மேஸ்திரி. நான் இருந்தப்ப இந்த ஜில்லாவுல நம்ம மில்லுக்கு எதிரா நிக்க ஒரு டீமு இருந்துதுங்களா? நான் படுத்தேன், பள்ளிக்கூடத்துப் பசங்ககிட்டக்கூடத் தோத்துட்டு வந்தீங்க. பந்து கைக்கு வந்தா யாருக்குப் போடறதுன்னு தெரியாம முழிக்கறோம்னு நீங்கதானுங்க இதே எடத்துல உக்காந்து சொன்னீங்க?

— ஆமா, சொன்னேன்.

— நஞ்சுண்டனுக்குக் கூடை எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியாதுங்களே!

— நஞ்சுண்டன்தான் நேத்து நெறையப் போட்டான்.

— அப்ப என் கதை முடிஞ்சுதுங்க.

— அதென்ன சாமி அப்படிச் சொல்றே?

— பின்னே என்னுங்க? மில்லுல இந்த லைன் ஊட்டை எனக்கு எதுக்குக் குடுத்தாங்க, நூலு நல்லா ஓட்டறேன்னா? என்னைவிட நல்லா ஓட்டறவன் எத்தனையோ பேரு மில்லு கேட்டுக்கு வெளியில காத்துக் கெடக்கறான். பந்து போடறேன்னுதானுங்க குடுத்தாங்க. புதுத் தொரை என் மூஞ்சியைக்கூடப் பாத்ததில்லை. நீங்க தோத்துக்கிட்டே இருந்தாத்தான் அவரு, எங்கய்யா அந்த அந்தோணின்னு கேப்பாரு. மாதாகிட்ட முட்டி சரியாவோணும்னு நான் வேண்டலீங்க. நீங்க தோக்கோணும்னுதான் வேண்டுனேன். வயித்தெரிச்சல்னே வெச்சுக்குங்க.

— மனசுல இருக்கறதைச் சொன்னே. அதுல தப்பில்லை, பாத்துக்க.

— எப்படித்தான் ஜெயிச்சீங்க? அதையாவது சொல்லுங்க.

— உம்பேரை வெச்சுத்தான்.

— எம்பேரா?

— நம்ம மில்லுல ஒருத்தன் படுத்துக்கிட்டா என்ன பண்றோம்? பதிலி ஆளு வாரான். காலையில நான் படுத்தவன் பேரைக் கூப்பிடறேன், பதிலிக்காரன் ஆஜருங்கறான். படுத்தவன் வேலை போவாம நிக்குது. அதே பழக்கந்தான், பாத்துக்க. ஈரோட்டுல ஆட்டத்துக்கு மின்னால ஆளுக பேரு கேட்டாங்க. அந்தோணிராஜுன்னு சொல்லி ஒரு ஆளை நிறுத்திப்போட்டேன்.

— அடேங்கப்பா! அவங்க நம்புனாங்களா?

— உன்னைப் பத்திக் கேள்விப்பட்டதுதானே, பாத்ததில்லையே. விசில் ஊதுனதும் ரெண்டு பேரு அவனை ஒட்டிக்கிட்டாங்க, அப்புறம் மூணு பேரு. நஞ்சுண்டனைச் சீந்த ஆளில்லை. அவம்பாட்டுக்கு நின்னு நிதானமாப் போட்டுக்கிட்டே இருந்தான்.

— ஹா! படுத்த படுக்கையில ஜெயிச்சுப்போட்டனுங்களே! அப்ப இன்னும் எனக்கு மவுசு இருக்குது. தொரைக்கு இதைச் சொன்னீங்களா? சரி, எம்பேருல யாரை நிறுத்துனீங்க? என் ஒசரத்துக்கு நம்மாளுகள்ல யாரும் இல்லீங்களே.

— உன் தம்பியைத்தான் நிறுத்துனேன்.

— சூசையவா? அவன் ரெண்டு சிப்டுன்னு சொல்லிட்டுத்தானுங்களே போனான்?

— சொன்னா நீ உட மாட்டீன்னு நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். உம்பேருக்கு மில்லுல பதிலி நிக்கறவன், மைதானத்துலயும் நிக்கட்டும்னு நெனச்சேன். உன்னோட சாடையும் இருந்துது. பந்து வந்தா யாருக்காச்சும் எறிஞ்சுபோடு, புடிச்சுக்கிட்டு நிக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், பாத்துக்க.

— அவனுக்குப் பந்தைப் புடிக்கவே தெரியாதுங்க. இப்ப எங்கீங்க அவன்? ஏனுங்க கீழயே பாக்கறீங்க?

— முடியற நேரத்துல அவங்களுக்கு ரோசம் வந்துபோச்சு. அந்தோணியைச் சாச்சுப்போட்டா ஜெயிச்சுரலாம்னு நெனச்சாங்க. ரெண்டு பேரு ஒண்ணா வந்து மோதுனாங்க. கூடை மாட்டுன இரும்புக் கம்பம் பின்னால இருந்துது.

— ஆஸ்பத்திரியில இருக்கறானா? என்னைச் சித்தெ தூக்கி உடுங்க, போலாம். அந்தக் கம்பை எடுங்க மேஸ்திரி!

— உக்காரு கண்ணு. வழியிலயே உசுரு போயிருச்சு.

— சும்மா சொல்லாதீங்க. சும்மா... மேஸ்திரி, அவன் சின்னப் பையனுங்க.

— தெரியும். எம்மடியிலதான் போச்சு.

— ஐயோ சூசை! எங்கம்மாவுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்? எங்கீங்க வெச்சிருக்கறீங்க அவனை?

— மில்லுக்குக் கொண்டாந்துட்டோம். தொரையே மாலை போட்டாரு. கல்லறைத் தோட்டத்துல குழி வெட்டிக்கிட்டு இருக்கறாங்க. நாளைக்கு மில்லு லீவு.

— பதிலிக்காரன் செத்ததுக்கு லீவா? தொரை மாலை போட்டாரா? இதென்னுங்க புதுசா இருக்குது?

— அதைச் சொல்லத்தான் உங்கம்மா வாரதுக்குள்ள ஓடியாந்தேன். போலீசுக்கும் தொரைக்கும் நான் குடுத்த பேருதானே தெரியும்? சூசைன்னு ஒரு ஆளு மில்லுலயே இல்லையே. இப்ப மாத்திச் சொன்னா ஆள்மாறாட்டம்னு என்னை உள்ளார வெப்பாங்க, உன்னை ஊட்டை உட்டுத் தொரத்துவாங்க. சொல்லாம இருந்தா, உங்கம்மா சாவற முட்டும் இந்த ஊட்டுலயே இருக்கலாம்னு தொரை வாக்குக் குடுத்திருக்கறாரு. தலை முச்சூடும் துணி சுத்தியிருக்குது, சர்ச்சு சாமியாருக்கும் அடையாளம் தெரியாது. நம்மாளுக ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டான்.

— நீங்க என்ன சொல்றீங்கன்னு எனக்கு வெளங்கலீங்க.

— நாளைக்குப் பொதைக்கறது அந்தோணிராஜை. நீ கால் சரியானதும் சூசைன்னு சொல்லிக்கிட்டுக் கேட்டுல வந்து நில்லு கண்ணு, பதிலிக்கு ஆளு வேணும்போது கூப்பிடறேன்.