பாதியில் நிற்கும் முள்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். அது தப்பு மேடம். முதலில் டிரைவர் சீட்டில் பத்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். இன்ஜினைப் போடக் கூடாது. கால் எட்டுகிறதா, கண்ணாடி வழியே ரோடு நன்றாகத் தெரிகிறதா, கியர் கைக்குத் தானாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து நிமிஷம் கழித்து இறங்க மனசு வரவில்லை என்றால் பாதி வேலை முடிந்தது. மீதியை மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

சேலையூரில் எங்கள் சபையில் யார் பழைய வண்டி வாங்கினாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். எலியேசர் அண்ணன் சரி என்றால் சரி. பதினோரு கார் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுகூட நடுவழியில் நின்றதாகப் பேச்சு கிடையாது. நின்றது பன்னிரண்டாவது மட்டும்தான். அது என் மனைவி ஜோசலினுக்கு வாங்கியது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். அந்தத் தம்பி டைப் அடிக்க வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மேம்பாலத்துக் கேமராவில் என்னைப் பார்த்துவிட்டீர்கள், என் வீட்டுப் பின்பக்கம் இருந்த டியூபையும் கேன்களையும் ஸ்டேஷனுக்கு எடுத்து வந்துவிட்டீர்கள். எதற்காக என்பதுதான் பாக்கி.

நான் முப்பத்தொரு வருஷம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தவன். ஸ்டோர்ஸ்காரனுக்கு ஒரே ஒரு நியாயம்தான். ஒருவன் பத்து போல்ட் கேட்டால் எதற்கு என்று கேட்க வேண்டும். எட்டு போதும் என்றால் எட்டுதான் கொடுக்க வேண்டும். கூடக் கொடுத்தால் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

ஜோசலின் மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து இருபத்தாறு வருஷம் என் ஸ்கூட்டரில்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தேன். பஸ்ஸில் ஏறவிட்டதே இல்லை. பிள்ளை குட்டி இல்லை எங்களுக்கு. அவளுக்கு நான், எனக்கு அவள். ஐம்பத்தொரு வயசில் அவள் டிரைவிங் கற்றுக்கொண்டாள். சேர்த்துவிட்டது அவள் தங்கை அபிகாயில். சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் மூன்றாவது மாடி வீட்டில் தனியாக இருக்கிறாளே, அவள்தான். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "புதுசெல்லாம் வேணாங்க. பழசு போதும், சின்னதா. ஓட்டுறதுக்கு ஜாலியா இருக்கணும், அவ்ளோதான்."

ஜாலி என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. பயம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அந்த மாதிரிப் புருஷன் இல்லை. "சரி, நானே பாத்து வாங்கித் தரேன்" என்றேன்.

மூன்று கார் பார்த்தோம். குரோம்பேட்டையில் ஒரு டாக்டர் வைத்திருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. பள்ளிக்கரணையில் ஒன்று, டயர் மட்டும் மாற்றினால் போதும். மூன்றாவது ராஜகீழ்ப்பாக்கத்தில் மெக்கானிக் அச்சுதன் ஷெட்டில் விற்பனைக்கு நின்றது. பதினைந்து வயசுக் கார், இளம்பச்சை. அந்த மாடல் இப்போது வருவதில்லை. கையால் சுற்றி இறக்குகிற கண்ணாடி, லேசான ஸ்டியரிங், கியர் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழும். ஜோசலின் உள்ளே உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று, கால் மணியும் ஆயிற்று. இறங்கவில்லை.

அதில் ஒரே ஒரு கோளாறு. பெட்ரோல் முள் பாதியிலேயே நிற்கும். டாங்க் நிறைய இருந்தாலும் பாதி, காலியாக இருந்தாலும் பாதி.

"இன்னா சார், டாங்க்கு உள்ள ஃப்ளோட்டு போய்க்கீது" என்றார் அச்சுதன். "அர நாள் வேல. மாத்திகினு எடுத்துகினு போங்க."

"இருக்கட்டும் அச்சுதன். பெட்ரோல் போடுறது எப்படியும் நான்தான்" என்றேன். ஜோசலினும் தலையாட்டினாள். எங்கள் வீடுகளில் அப்படித்தான் மேடம். பொம்பளைகள் ஓட்டுவார்கள், பங்க்கில் போய் நிற்பது, காற்று அடிப்பது எல்லாம் ஆம்பிளை வேலை. சபையில் விசாரித்துப் பாருங்கள். அந்த முள்ளுக்காகத்தான் அந்தக் காரை எடுத்தேன். மற்ற இரண்டும் நல்ல கார், அதனால் வேண்டாம் என்று வைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகர் ஐயர் பானெட்டில் கைவைத்து ஜெபம் பண்ணிப் பிரதிஷ்டை செய்தார். ஜோசலின் கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லோருக்கும் கேக் கொடுத்தாள். ஐயர் சாவியை என் கையில்தான் கொடுத்தார். கார் அவள் பேரில்தான் இருந்தது, இருந்தாலும் என் கையில்தான் கொடுத்தார். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நான் பங்க்குக்கு எடுத்துப் போவேன். பள்ளிக்கூடம் போய் வர, மார்க்கெட், சர்ச். ஐந்து லிட்டர் போதும். ஸ்டோர்ஸில் சொல்வது போல, தேவைக்குத் தகுந்த இஷ்யூ. அதற்குள் அவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், நான் ஏன் என்று கேட்டதில்லை. தாம்பரம், மேடவாக்கம் என்று சுற்றினால் மட்டும் வெள்ளிக்கிழமை எங்காவது நின்றுவிடும். போன் வரும். "என்னங்க, நின்னுடுச்சுங்க." நான் கேனோடு பத்து நிமிஷத்தில் போய் நிற்பேன். வண்டி பழசாயிற்றே, மைலேஜ் குறைந்துவிட்டது என்பேன். என் ஸ்கூட்டரைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. இரண்டு வருஷத்தில் ஆறு தடவை. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஆறு தடவைதான் என்றால் நம்புவீர்களா?

அவளுக்கும் அந்தக் கார் உயிர். சில நாள் வாசலில் பாதாம் மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து பேப்பர் திருத்துவாள். எங்கும் போகாமலேயே. அது எனக்குப் பிடித்திருந்தது.

இந்த ஜனவரியில், கூட வேலை பார்க்கிற ஸ்நேகா டீச்சர் பேச்சைக் கேட்டு, அவளே பங்க்குக்குப் போய் டாங்க்கை நிரப்பிக்கொண்டு கோவளம் போய்விட்டாள். சாயங்காலம் வஞ்சிரம் மீனோடு வந்தாள். செருப்பெல்லாம் மணல். மீனைக் கழுவிக்கொண்டே பாடினாள். மீன் நன்றாக இருந்தது, இரண்டு துண்டு கூடவே சாப்பிட்டேன். மறுநாள் ஹார்டுவேர் கடையில் மூன்று மீட்டர் டியூப் வாங்கினேன். அன்றிலிருந்து, அவள் எவ்வளவு போட்டாலும் நான் வேண்டிய அளவுக்குக் குறைத்துவிடுவேன். எடுத்த பெட்ரோலைக்கூட வீணாக்கவில்லை. என் ஸ்கூட்டருக்கு ஊற்றிக்கொண்டேன்.

அவள் கணக்கு டீச்சர், சும்மா இருப்பாளா? மார்ச்சில் எனக்குத் தெரியாமல் முள்ளைச் சரிபண்ண ஷெட்டுக்குப் போனாள். அச்சுதனிடம் நான் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். அவர் போன் பண்ணினார்: "மேடம் வந்துகினு போனாங்க சார். பார்ட்டு கெடைக்கலன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஒரு மாதிரியா பாத்தாங்க சார். பாவமா இருந்திச்சு." அச்சுதன் மேல் தப்பில்லை, அவரை விட்டுவிடுங்கள். வீட்டுக்காரர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஜோசலின் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "எந்தப் பக்கம் போனாலும் கடைசியில உங்ககிட்டதாங்க வந்து நிக்குது. எனக்கு மூச்சு முட்டுதுங்க."

"ஃபேன் ஸ்பீடைக் கூட்டி வைக்கட்டுமா?" என்றேன். கிண்டலுக்கு இல்லை மேடம். அன்று நிஜமாகவே புழுக்கம்.

போன மாசம் இரண்டாவது சனிக்கிழமை. காலையில் டிக்கியில் குடைக்கு அடியில் இரண்டு பை இருந்ததைப் பார்த்தேன். அவளுடைய சர்டிபிகேட்டுகள், நாலு புடவை, அவள் அம்மா கொடுத்த பைபிள். டாஷ்போர்டில் முந்தின நாள் பங்க் பில். முப்பது லிட்டர். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு இரண்டு லிட்டர் போதுமே, முப்பது எதற்கு? திரும்பி வராமல் இருக்கத்தான். பைகளைப் பழையபடி குடைக்கு அடியில் வைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே.

அவள் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குத் தெருமுனைச் சர்ச்சுக்கு நடந்து போயிருந்தாள். பதினொன்றிலிருந்து ஒன்றுவரை கூட்டம். நான் டாங்க்கில் இருந்ததை இரண்டு தண்ணீர்க் கேனில் இறக்கினேன். தாம்பரம் தாண்டி இரும்புலியூர் பக்கம் நிற்கிற மாதிரி அளந்து கொஞ்சம் விட்டுவைத்தேன். அங்கே ஓரம் கட்ட இடம் உண்டு, டீக்கடை உண்டு. நின்றால் எப்போதும் போல எனக்கு போன் பண்ணுவாள். நான் போவேன். அந்த முகத்தோடு என்னைப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்துவிடுவோம். அதற்கு மேல் நான் ஒன்றும் திட்டம் போடவில்லை.

மூன்று மணிக்கு, "அபி வீடு வரைக்கும் போயிட்டு வரேங்க" என்றாள். வருகிறேன் என்றுதான் சொன்னாள். வாசலில் நின்று டாட்டா காட்டினேன். மழை தூற ஆரம்பித்திருந்தது. ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு, காலடியில் ஐந்து லிட்டர் கேனை வைத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினேன்.

கார் இரும்புலியூரில் நிற்கவில்லை. பெருங்களத்தூரிலும் நிற்கவில்லை. என் கணக்கு தப்பியதே கிடையாது, அன்று தப்பியது. ஏன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தேன். ஆக்ஸிலேட்டரைப் பூ மாதிரி மிதி, தேவையில்லாமல் ஏசி போடாதே என்று நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். என்னை விட்டுப் போகிற அன்றைக்கும் நான் சொன்னபடிதான் ஓட்டியிருக்கிறாள். எவ்வளவு நல்லவள் பாருங்கள்.

வண்டலூர் மேம்பாலத்து ஏற்றத்தில் நின்றது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால். ஓரம் கட்ட இடமில்லை. நான் பாலம் ஏற ஆரம்பிக்கிற இடத்திலேயே ஸ்கூட்டரை நிறுத்தினேன். அவள் மூன்று தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாள். நாலு பக்க லைட்டும் மின்ன ஆரம்பித்தது. போனைக் காதில் வைத்தாள். நான் ரெயின்கோட்டுக்குள் கைவிட்டு என் போனை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

அடிக்கவில்லை.

அபிகாயிலுக்குப் பேசினாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். பிறகு இறங்கினாள். இறக்கிய கண்ணாடி வழியாக ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளைக் கொடுத்துத் தள்ளினாள். உச்சியைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் தானாக இறங்கிவிடும். சரியான யோசனை, பாதித் தூரம் தள்ளியும் விட்டாள். அவளுக்கு அவ்வளவு பலம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

பதினொரு நிமிஷம் என்று கேமராவில் இருக்கிறது. இருக்கலாம். ஸ்கூட்டரில் அரை நிமிஷத்தில் போயிருப்பேன், கேனில் பெட்ரோலும் இருந்தது. கூப்பிடாமல் போய் நின்றால் பின்னாலேயே வந்தது தெரிந்துவிடும். அதனால் போகவில்லை. அந்தக் கன்டெய்னர் லாரி என்னைத் தாண்டித்தான் மேலே ஏறியது. மழையில் வேகமாக வந்தது. மேலே கார் நிற்கிறது என்று எனக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியாது. கை காட்டியிருந்தால் போதும். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி மேலே வருவதைப் பார்த்தால் பயந்து இப்போதாவது எனக்கு போன் பண்ணுவாள் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று டாக்டர் சொன்னார். வீட்டை எல்லாம் தயார் பண்ணிவிட்டேன். வாசற்படிக்குச் சரிவு கட்டியாயிற்று. அவள் அறைக் கதவில் உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். அவளுக்கு எட்டாது, எனக்கு வந்து போக வசதி. அபிகாயில் வீட்டுக்குத்தான் போவேன் என்று ஜோசலின் உங்களிடம் சொல்லியிருக்கிறாளாம், என்னை உள்ளே விட வேண்டாம் என்றும். அதிர்ச்சி மேடம், அப்படித்தான் பேச வரும். மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத வீட்டில், யார் தூக்கி இறக்குவார்கள்? யோசித்தால் அவளுக்கே புரியும்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் உள்ளே விடுவார்கள், நான் வரவில்லையே என்று அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.