சைகோனுக்குப் போகும் கடிகாரம்

கொலேஜ் பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள பரிசுச் சாமான் கடையில் இன்று மசிக்கூடு வாங்கக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளம்பெண்ணும் அவளுடைய நாத்தனாரும் நின்றார்கள்.

"முள்ளைத் திருப்ப முடியாத கடிகாரம் இருக்குதுங்களா?" என்று இளம்பெண் கேட்டாள்.

பாட்டுப் பெட்டிகளுக்கும் கண்ணாடி அன்னங்களுக்கும் நடுவிலிருந்து கடைக்காரர் நிமிர்ந்தார். "அப்படி யாரும் செய்யறதில்லியே, மதாம்."

"அண்ணன் வர்ற வாரம் சைகோனுக்குக் கப்பல் ஏறுது," என்றாள் நாத்தனார். "கப்பல்ல தினமும் நேரத்தை மாத்துவாங்களாம். அண்ணிக்கு அதான் கவலை."

"புதுச்சேரி நேரம் அவருகிட்ட அப்படியே இருக்கணும்."

"அப்புறம் எப்படி ஆபீசுக்குப் போவும் அண்ணன்?"

"அதுக்கு அங்க வேற கடிகாரம் இருக்கும்டி. இது நான் தூங்குறனா, முழிச்சிருக்கனான்னு பாக்கறதுக்கு."

"எப்பவும் தூங்குறேன்னே வச்சுக்கச் சொல்லுங்க அண்ணி. தப்பாது."

கடைக்காரர் சிரிக்கவில்லை. கையகல மேசைக் கடிகாரம் ஒன்றை எடுத்து வைத்தார். மாதாகோவிலில் பன்னிரண்டு மணி அடிக்கும்வரை காத்திருந்தார். முதல் மணிக்கு முள்ளைச் சரியாக வைத்தார். பிறகு, பின்புறம் முள்ளைத் திருப்பும் குமிழை மட்டும் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"சாவி குடுத்தா ஓடும், மதாம். இது இல்லாம நேரத்தை மாத்த முடியாது."

அவள் குமிழை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"திரும்பி வந்து என்கிட்ட வாங்கிக்கட்டும்."