தலைசுத்தலுக்கு மார்க்

எத்திராஜ்: கழுத்து போச்சுப்பா. இன்னா கனம்! ரெண்டு பெயிண்ட் டப்பாவக் கவுத்து வெச்ச மாதிரி கீது.

சந்திரன்: நாலு மாடி உயரத்துல கயித்துப் பலகையில தொங்கிட்டு பெயிண்ட் அடிக்கிறவரு, கண்ணு முன்னால படம் ஓட்டற ஒரு ஹெல்மெட்டுக்கா இப்படி அழறீங்க எத்திராஜண்ணா?

எத்திராஜ்: அங்க தலையில எவனும் சினிமா கட்டி வுட மாட்டான். மார்க் போட்டா ஆய்த்து, நான் கெளம்பறேன். கிருஷ்ணப்பா மேஸ்திரி மூணு மிஸ்டு கால் குட்த்துட்டாரு.

சந்திரன்: மார்க் நீங்கதாண்ணா சொல்லோணும். பூஜ்யம்னா தலை சுத்தவே இல்ல. இருபதுன்னா...

எத்திராஜ்: வாந்தி. தெரியும். மொத நாள் உங்க புரொபசர் சிவசங்கரன் சார் ஷூ மேலயே எடுத்தேனே.

சந்திரன்: அத ஞாபகப்படுத்தாதீங்க. இன்னிக்கு எத்தனை?

எத்திராஜ்: நேத்து எத்தனை போட்ட?

சந்திரன்: நாலு. அதப் பாத்தெல்லாம் சொல்லக் கூடாதுங்ண்ணா.

எத்திராஜ்: அப்ப ரெண்டு போடு. பொசுக்குனு சைபர் போட்டா நல்லா இருக்காது.

சந்திரன்: கத்திரிக்கா வெலயாங்ண்ணா பேசறோம்? உள்ள என்ன பாத்தீங்க, அதச் சொல்லுங்க.

எத்திராஜ்: அதே ரோடு. அதே வளைவு. வளைவுல... மரம். சல்லுனு போச்சு.

சந்திரன்: ம்... சரி. ரெண்டு.

எத்திராஜ்: அட, ஒடனே எழுதிட்ட? மொத நாள் அம்பது கேள்வி கேட்டியே?

சந்திரன்: அது... அஞ்சு நாள்ல பழகிடும்னுதானேண்ணா ஆராய்ச்சித் திட்டத்துல நாங்களே எழுதியிருக்கோம். இருபது, பன்னெண்டு, எட்டு, நாலு, ரெண்டு. படிக்கட்டு மாதிரி எறங்குது பாருங்க. சாருக்கு வாயெல்லாம் பல்லு. இது நின்னாத்தான் என் தீசிஸ். இல்லாட்டி ரெண்டு வருசப் பொழப்பு தண்ணில.

எத்திராஜ்: ஆமா, நாற்காலில சும்மா உக்காந்திருந்தா தலை ஏன்பா சுத்துது?

சந்திரன்: கண்ணு ஓடறேங்குது, காது உக்காந்திருக்கேங்குது. ரெண்டுக்கும் சண்டை.

எத்திராஜ்: காதா? அதுக்கு இன்னா தெரியும்? கால்தான்பா சொல்லும். பலகை அரை இஞ்ச் ஆடினா கட்டவெரலுக்குத் தெரிஞ்சிடும். கண்ணெல்லாம் அப்றந்தான்.

சந்திரன்: வெளிக்காது இல்லண்ணா, உள்காது... இருங்க, போனு. சொல்லுங்க சார்... ஆமா சார், இங்கதான் இருக்காரு... இப்பவா சார்? ...சரிங்க சார்.

எத்திராஜ்: இன்னாப்பா, மூஞ்சி சுண்ணாம்பாட்டம் ஆயிடுச்சு?

சந்திரன்: சார் வர்றாரு. பத்து நிமிசத்துல. இவ்ளோ சீக்கிரம் பழகின ஆளே இல்லையாம். உங்களுக்கு இன்னொரு வாட்டி மாட்டி, பக்கத்துல நின்னு கேள்வி கேக்கப் போறாராம்.

எத்திராஜ்: ...என்னையா?

சந்திரன்: பின்ன, மேஸ்திரியையா?

எத்திராஜ்: நான் கெளம்பறேன்.

சந்திரன்: அண்ணா! உக்காருங்க. என்னாச்சு?

எத்திராஜ்: கோச்சுக்காதே. மொத நாள் இங்கேர்ந்து போயி பலகையில ஏறுனேன். செவுரு ஓடுதுப்பா! நான் நிக்கிறேன், செவுரு ஓடுது. கயித்தக் கட்டிப் புடிச்சிக்கினு குந்திட்டேன். டப்பா கவுந்து, கீழ பீடி பத்த வெச்சிக்கினு இருந்த மேஸ்திரி மேல...

சந்திரன்: ஐயையோ! அடி பட்டுச்சா?

எத்திராஜ்: டப்பா வுழல, பெயிண்ட்தான். தலைலேர்ந்து கால் வரைக்கும் மஞ்சளாப் பூட்டாரு. பீடி மட்டும் அணையல. இன்னொரு தபா ஆச்சுன்னா நம்ம ஏரியா ஸ்ரீராம்புரத்தத் தாண்டி எவன் வேல குடுக்கறான்னு பாக்கறேன்னாரு.

சந்திரன்: அப்புறம் எதுக்குங்ண்ணா மறுநாள் வந்தீங்க?

எத்திராஜ்: நடுவுல நின்னா எல்லாமே போச்சுன்னு நீதான அழுத? அதான் வந்தேன். வந்து... மாட்டினதும் கண்ண மூடிக்கினேன்.

சந்திரன்: எந்த நாளு?

எத்திராஜ்: செவ்வா, புதன், வியாழன், இன்னிக்கி. புதன்கிழம தூங்கியே பூட்டேன்.

சந்திரன்: அப்ப வளைவு? மரம்?

எத்திராஜ்: எல்லாம் மொத நாள் பாத்ததுதான். மரம் எங்க எழுந்து போவப் போவுது? திட்டுப்பா. சரி, சார்கிட்ட நானே சொல்லிடறேன். அவரையே மாட்டிக்கச் சொல்றேன். கண்ண முழிச்சி ஒரு சுத்து பாத்தாருன்னா, நான் ஏன் மூடுனேன்னு தெரிஞ்சிக்குவாரு.

சந்திரன்: ஐயோ, அவரு மாட்டவே கூடாதுங்ண்ணா!

எத்திராஜ்: ஏன், அவரு தலைக்கு சேராதா?

சந்திரன்: உள்ள படமே இல்லங்ண்ணா! திங்கக்கிழமை வாந்தி வந்தப்ப ஹெல்மெட்டக் கழட்டி வீசினீங்கல்ல, அன்னிக்கே போச்சு. ரிப்பேருக்கு அனுப்பினா ஆறு மாசம். செவ்வாக்கிழமை நீங்க ‘இருட்டா கீது’ன்னு ஒரு வார்த்தை சொன்னா, சார்கிட்ட ஒத்துக்கலாம்னு நின்னுட்டே இருந்தேன். நீங்க மரம் தெரியுதுன்னீங்க... எழுதிட்டேன். அந்த மனுசனுக்கு நாம ரெண்டு பேரும் நாலு நாள் தலைசுத்தல் பாக்கிங்ண்ணா.