ஐந்தாம் போர்ட்

வீட்டுக்கு நெட்வொர்க் சுவிட்ச் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கக்கூடாது. மலிவானது எல்லா அறைக்கும் இணையத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டுச் சும்மா கிடக்கும். நான் வாங்கியதில் கேபிள் செருக எட்டு போர்ட், அறைக்கு ஒன்றாக. எந்த அறைக்கு எவ்வளவு வேகம் என்பதை என் போனிலேயே தீர்மானிக்கலாம். லண்டனில் எங்கள் தோர்ண்டன் ஹீத்தில் வேறு எந்த வீட்டிலும் இப்படியொன்று இருக்காது என்று கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஐந்தாம் போர்ட் என் மகள் ஜதுர்ஷிகாவின் அறை. கெட்டிக்காரி. எடின்பரோவில் ஒரு கம்பனி அவளை வீடியோவில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. எடின்பரோ நல்ல ஊர்தான். ஆனால் குளிர். அவளுக்குச் சட்டென்று சளி பிடிக்கும். அவள் இல்லாத வீட்டை நினைக்க எனக்குப் பயமாகவும் இருந்தது. அது வேறு விஷயம்.

காலை பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. பத்தேகாலுக்கு நான் கீழே தேநீர் குடித்தபடி ஐந்தாம் போர்ட்டின் வேகத்தைக் குறைத்தேன். வைஃபையையும் விடவில்லை. எங்கள் வீட்டுக்குள் போனுக்குச் சிக்னல் கிடையாது. முற்றாக நிறுத்தினால் பழுது என்று தெரிந்துவிடும். குறைத்தால், பேசுகிறவள்தான் திக்குகிறாள் என்று நினைப்பார்கள்.

அழுதுகொண்டு இறங்கி வந்தாள்.

"அப்பா, நான் கதைச்சது அவையளுக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"நான் பாக்கிறன் பிள்ளை," என்றேன். பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

"நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்வன்," என்று தோளில் சாய்ந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு கிளாஸ்கோ. பிறகு லீட்ஸ். என் மனைவி சிவகௌரி இது கண்ணூறேதான் என்று முடிவுகட்டி, செத்தல் மிளகாயை மகளுக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். புகை அலாரம் அலறியதுதான் மிச்சம். நாற்காலியில் ஏறி அதையும் நான்தான் நிறுத்தினேன். இந்த வீட்டில் எல்லாவற்றையும் நானே பார்க்கவேண்டியிருக்கிறது.

போன கிழமை மகள் சொன்னாள், "இந்த வீட்டு நெட்டை நம்ப ஏலாதப்பா. பிளேஸ்டோவில ஒரு அறை எடுத்திட்டன்."

நான் மறுப்புச் சொல்லவில்லை. வளர்ந்த பிள்ளையைக் கட்டிவைக்கிற தகப்பன் நானல்ல. புது அறைக்கு நல்ல சுவிட்சாக ஒன்று பார்த்து வாங்கி, நானே போய்ப் பொருத்திக் கொடுத்தேன். அதை இங்கிருந்தே இயக்கலாம்.