யாருக்கும் சொந்தமில்லாத ஏழு துண்டுகள்

சிங்கப்பூரில், தெம்பனிஸிலிருந்து ஃபேரர் பார்க் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு தோழிகள். ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்:

“யாருக்கும் சொந்தமில்லாத ஃபைல் துண்டு ஏழு கிடக்கு, எடுத்து வைக்கவான்னு ஆபீஸ் கம்ப்யூட்டர் கேட்டுச்சு.”

“ஏன் கேட்டுச்சு?”

“டிஸ்க்ல தப்பு ஏதாச்சும் இருக்கான்னு செக் பண்ணச் சொன்னேன். அதான்.”

“நீ என்ன சொன்ன?”

“அடுத்தவங்க பொருள் நமக்கு எதுக்கு லா? வேணாம்னு அடிச்சேன். அழிச்சிடுச்சு.”

“சரியாத்தான் செஞ்ச. யாரோடதாம்?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“உன் கல்யாணத்துக்கு அழைக்கவேண்டியவங்க லிஸ்ட் டைப் பண்ணக் கொடுத்தியே. அதுதான்.”

கல்யாணப் பெண் எழுந்து, இறங்குவதற்கு மணியை அழுத்தினாள்.

“உன் பேரும் அதுலதான இருந்துச்சு?”

“முதல் பேரே என்னோடதுதான்.”

“இனி இல்ல.”